மகள் மோரேவுக்குப் போகிறாள்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இல்லை. ஒரே மகள், வயது 26. சென்னையில் ஒரு யூடியூப் செய்தி சேனலுக்கு, செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் வேலை செய்கிறாள். மாதச் சம்பளம் கிடையாது. இப்போது மணிப்பூரில் மோரே என்ற ஊருக்குப் போகப் போகிறாளாம். அங்கே தமிழர்கள் இருக்கிறார்களாம். முடிந்தால் எல்லை தாண்டி பர்மா பக்கமும் போவாளாம். அவள் அறைச் சுவரில், ஒரு கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்த வெள்ளைக்காரப் பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறது. மேரி கொல்வின் என்று பெயர். "நம்ம ஜனங்களப் பத்தி எழுதப் போய்க் கண்ணைப் பறிகொடுத்தவங்கம்மா" என்கிறாள். அந்த அம்மா சிரியாவில் எப்படிச் செத்தார் என்று தேடிப் படித்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. ஒரு தடவை தப்பி வெளியே வந்தவர் ஏன் திரும்ப உள்ளே போனார்? என் தம்பி, "ஆதார் கார்டை எடுத்து ஒளிச்சு வை, ஒரு வரன் பாரு, எல்லாம் சரியாயிடும்" என்கிறான். வரும் ஞாயிறு கடலூருக்கு வருகிறாள். இவளை எப்படித் தடுப்பது ஐயா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். ஆதார் கார்டு இந்தக் காலத்தில் எல்லோர் போனிலும் இருக்கிறது, பீரோவில் இருப்பதை ஒளித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் தடுத்தால் அவள் போகாமல் இருக்க மாட்டாள், சொல்லாமல் போவாள். "ஹைதராபாத்ல ஒரு வாரம் ட்ரெயினிங்கும்மா" என்று சொல்லிவிட்டு இம்பாலில் போய் இறங்குவாள். அப்புறம் அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால், எந்த ஊரில் தேட வேண்டும் என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. வரன் பார்ப்பதும் அப்படித்தான். நல்ல பையன் கிடைத்தால் பாருங்கள், ஆனால் மணிப்பூருக்கு அணை கட்டுவதற்காகப் பார்க்காதீர்கள். பாவம், அந்தப் பையன் என்ன செய்வான்?

நான் செய்தி மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். பத்து வருஷமாகப் புதுச்சேரியில், முத்தியால்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, களத்துக்குப் போகும் இளம் நிருபர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணம் என் சொந்தத் தவறு ஒன்று. அதைச் சொல்லிவிட்டால் மற்றதை நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

ஒரு சாதிக் கலவரம். எந்த ஊர் என்பது இப்போது வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்துக்கு அந்தப் பகுதியில் ஒரு ஸ்ட்ரிங்கர் இருந்தார். செய்திக்கு இவ்வளவு, போட்டோவுக்கு இவ்வளவு என்று காசு, உங்கள் மகள் மாதிரியேதான். மதியம் மூன்று மணிக்குக் கூப்பிட்டு, "போய்ட்டு வாங்க, ஆறு மணிக்குள்ள நியூஸ் காப்பி வேணும்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. எந்த வழியாகப் போகிறார், யாருடைய வண்டியில், யார் வீட்டுத் தெருவில் இறங்குவார், எதையும் கேட்கவில்லை. செய்தி வரவில்லை. இரவு பதினோரு மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். "சார், அவரு எங்க இருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. அனுப்பியவன் நான், எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு கரும்புத் தோட்டத்து ஓரத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்தவரை ஊர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் வலது காது போய்விட்டது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு நிர்வாகத்திடம் போனேன். "அவர் நம்ம சம்பள ரோல்லயே இல்லையே" என்றார்கள். நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டு ரொம்ப நாள் இருந்தேன். ஆனால் அந்தப் பதினோரு மணிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனதற்கு நிர்வாகம் காரணமில்லை.

இனி மேரி கொல்வின். உங்கள் மகள் அந்தப் படத்தை ஒட்டியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. படத்தை மட்டும் பார்த்தால் போதாது என்பதுதான் என் கவலை.

1956-ல் நியூயார்க்கில் பிறந்தவர், லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகையின் நிருபர். 1999-ல் கிழக்குத் திமோரில் ஐ.நா. வளாகத்தைச் சுற்றி ஆயுதக் கும்பல் நின்றபோது, உள்ளே சுமார் 1,500 பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். மற்ற பல நிருபர்கள் வெளியேறிவிட, இவர் அங்கேயே இருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நான்கு நாள் கழித்து அத்தனை பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். 2001-ல் வன்னி. அரசாங்கம் வெளிநாட்டு நிருபர்களைப் புலிகள் பகுதிக்குள் விடாத காலம். அனுமதியில்லாமல் போய், உணவும் மருந்தும் தடைபட்டுக் கிடந்த மக்களைப் பார்த்து எழுதினார். ஏப்ரல் 16 இரவு, அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் திரும்பும்போது ராணுவம் சுட்டது. தான் பத்திரிகையாளர் என்று கத்தினார். அதற்குப் பிறகும் வந்து வெடித்த குண்டில் இடது கண் பார்வை போனது. உங்கள் மகள் சொல்வது உண்மைதான். 2012-ல் அமெரிக்காவில் நடந்த அவருடைய இறுதிச் சடங்குக்கு ஈழத் தமிழர்கள் சிலர் வந்து நின்றார்கள்.

படத்தில் தெரியாத ஒன்றும் உண்டு. கண் போனதற்குப் பிறகான வருஷங்களில், போர் அதிர்ச்சியால் வரும் மன நோய்க்கு அவர் மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். உடம்பு திரும்பி வந்த பிறகும் மனம் திரும்பி வரக் காலம் பிடிக்கிறது. உங்கள் மகள் மோரேயிலிருந்து நல்லபடியாக வந்து, பத்து நாள் யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள் என்பதற்காக இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ஏன் திரும்ப உள்ளே போனார் என்று கேட்டிருக்கிறீர்கள். 2012 பிப்ரவரி. சிரியாவில் ஹோம்ஸ் நகரம், பாபா அம்ர் என்ற பகுதி. அரசுப் படை நாலாபக்கமும் சூழ்ந்து நின்று குண்டு போட்டுக்கொண்டிருந்தது. ஆள் நிமிர்ந்து நடக்க முடியாத ஒரு வடிகால் சுரங்கம் வழியாக, புகைப்படக்காரர் பால் கான்ராயுடன் உள்ளே போனார். பெண்களும் குழந்தைகளும் முடங்கிக் கிடந்த ஒரு நிலவறையைப் பற்றி எழுதினார். ராணுவம் உள்ளே புகப்போகிறது என்ற பேச்சு வந்ததும் வெளியே வந்தார்கள். அந்தத் தாக்குதல் உடனே நடக்கவில்லை. நிலவறையில் இருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். இவர் திரும்பப் போனார். என்னளவில் இதற்கு வேறு விளக்கம் இல்லை. நான் அவருடைய ஆசிரியராக இருந்திருந்தால் இரண்டாம் முறை அனுப்பியிருக்க மாட்டேன். அதை மீறி அவர் போய் எழுதி அனுப்பியிருந்தால் முதல் பக்கத்தில் போட்டிருப்பேன். எங்கள் தொழிலின் லட்சணம் இது, ஒளிப்பதற்கில்லை.

பிப்ரவரி 21 இரவு, செயற்கைக்கோள் தொடர்பு வழியாக பிபிசி, சிஎன்என் போன்ற தொலைக்காட்சிகளுக்குப் பேசினார். குண்டுச் சிதறல் பட்டு ஒரு குழந்தை தன் கண்முன் செத்ததைச் சொன்னார். மறுநாள் காலை அவர்கள் தங்கியிருந்த வீட்டின் மேல் குண்டுகள் விழ ஆரம்பித்தன. கான்ராய் முன்பு பிரிட்டிஷ் ராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கிட்டே விழுவதைக் கேட்டதும், யாரோ குறி பார்த்து நெருங்குகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேரியும், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்கும் வாசல் பக்கம் போனபோது அங்கேயே விழுந்தது. நம் வீடுகளைப் போலவே அந்த வீட்டிலும் செருப்பு, ஷூ எல்லாம் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடத்தான் போனார் என்று அவருடைய பத்திரிகையே எழுதியது.

இந்தச் செருப்பு விஷயத்தை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். ஆபத்தான இடத்தில் படுக்கும்போது ஷூவைக் கழற்றாதே, கழற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் வை. கேட்டுவிட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நிமிஷம் கழித்துச் சிரிப்பு நின்றுவிடும்.

அது தற்செயலாக விழுந்த குண்டு இல்லை. ஊடகக்காரர்கள் தங்கும் வீடு என்று தெரிந்து, தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்டும் ஆள் வைத்து இடத்தை உறுதி செய்தும் அடித்தார்கள் என்று 2019 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. சிரிய அரசு சுமார் 30 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2025-ல், ஆட்சியை இழந்து ஓடிப்போன பஷர் அல் அசாத் மீதே இந்தத் தாக்குதலுக்காக பிரான்ஸ் கைது வாரண்ட் பிறப்பித்தது. பதின்மூன்று வருஷம் கழித்து.

உங்களுக்காக ஒன்று தேடி எடுத்து வைத்திருக்கிறேன். மேரியின் அம்மா ரோஸ்மேரி, மகள் செத்த அன்று வாசலில் வந்து நின்ற நிருபர்களிடம் பேசினார். போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, என் மகளைத் தெரிந்தவர்களுக்கு அது வீண் பேச்சு என்று புரியும் என்ற பொருளில் பதில் சொன்னார். அன்றைக்கு வெளியே வர வேண்டியவள், இன்னும் ஒரு செய்தியை முடித்துவிட்டு வருவதாக இருந்தாள் என்றும் சொன்னார். நீங்கள் அந்த அம்மாவைப் போலத் தைரியமாக இருங்கள் என்று சொல்ல வரவில்லை. அதை யாருக்கும் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் உங்கள் மகளும் மேரியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. மேரிக்குப் பின்னால் ஒரு பெரிய பத்திரிகை இருந்தது. எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஆசிரியர் லண்டனில் இருந்தார். குண்டுச் சத்தத்தை வைத்தே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தார். அத்தனை இருந்தும் அந்த முடிவு. உங்கள் மகளிடம் ஒரு போனும், சேனல்காரர் வாயால் சொன்ன வார்த்தையும் இருக்கின்றன. நான் பயப்படுவது அவளுடைய ஆசைக்காக இல்லை, இந்த இடைவெளிக்காகத்தான்.

உலகம் முழுக்கச் செத்துப்போகும் பத்திரிகையாளர்களில் மேரி போல வெளியூரிலிருந்து போனவர்கள் குறைவு. அந்தந்த மண்ணின் ஆட்கள்தான் அதிகம். 2024-ல் மட்டும் குறைந்தது 124 பேர் கொல்லப்பட்டதாகப் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டது, அதில் 85 பேர் இஸ்ரேல்–காசா போரில். மேரி சாவதற்கு முதல் நாள் அதே பாபா அம்ரில் ராமி அல்-சையத் என்ற சிரிய இளைஞர் குண்டுவீச்சில் செத்தார். தெருவில் நடப்பதை எல்லாம் படம் பிடித்து நேரலையில் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தவர். அவர் படத்தை யார் சுவரிலும் நான் பார்த்ததில்லை. நம் பக்கமே எடுத்துக்கொள்ளுங்களேன். பிபிசி தமிழோசையில் யாழ்ப்பாணச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த நிமலராஜனை, 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். ஊரடங்கில் துப்பாக்கியோடு நடமாடியது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை நீதிமன்றத்தில் பதில் இல்லை. சத்தீஸ்கரில் முகேஷ் சந்திராகர் என்ற இளைஞர், அவரும் சொந்தமாக யூடியூப் சேனல் நடத்தியவர்தான், சாலை ஒப்பந்த ஊழலைச் சொன்னதற்குப் பிறகு 2025 ஜனவரியில் கழிவுநீர்த் தொட்டிக்குள் பிணமாகக் கிடைத்தார். மாவோயிஸ்டுகள் பிடித்து வைத்திருந்த ஒரு ஜவானை மீட்க முன்னால் உதவியவர் அவர். காட்டில் வராத சாவு ஒரு கான்டிராக்டர் இடத்தில் வந்தது.

சரி, மோரே.

செய்தி நல்ல செய்தி. இதை நான் மறைக்க விரும்பவில்லை. 1960-களில் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது துரத்தப்பட்ட நம் ஆட்கள், கப்பலேறி வந்து இங்கே பிழைக்க முடியாமல், தரை வழியாகப் பர்மாவுக்கே திரும்பிப் போகப் பார்த்தார்கள். எல்லையில் விடவில்லை. நின்ற இடம் மோரே. அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. 2023 மே 3-ல் மெய்தி, குகி மக்களுக்கிடையே தொடங்கிய கலவரம் 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, அறுபதாயிரம் பேரை வீடிழக்க வைத்தது. நடுவில் மாட்டிய அந்தத் தமிழர்கள் என்ன ஆனார்கள் என்று போய்ப் பார்த்து எழுதிய தமிழ் நிருபர்கள் மிகக் குறைவு. உங்கள் மகளுக்குச் செய்தி மூக்கு இருக்கிறது.

ஆனால் மோரே நம் பக்கத்துத் தாலுகா ஊர் மாதிரி பஸ் ஏறிப் போகிற இடம் கிடையாது. மணிப்பூருக்குள் போகவே வெளி மாநிலத்தவர் இன்னர் லைன் பெர்மிட் எடுக்க வேண்டும். 2020-லிருந்து அப்படி. விமானம் இறங்கும் இம்பால் பள்ளத்தாக்கு மெய்தி மக்களுடையது. அங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் மலையில் இருக்கும் மோரே குகிகள் அதிகமுள்ள இடம். கலவரத்துக்குப் பிறகு மெய்தி டிரைவர் மலைக்குப் போக முடியாது, குகி டிரைவர் பள்ளத்தாக்குக்கு இறங்க முடியாது. அங்கே போன நிருபர்கள் பலர் இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய பங்கல் முஸ்லிம் டிரைவர்களைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த டிரைவருக்கும் ஒரு அம்மா இருக்கிறார். உங்கள் மகள் ஒரு நல்ல ஷாட்டுக்காக "இன்னும் கொஞ்சம் உள்ள போலாம்ணா" என்று சொல்லும்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். அதை அவளிடம் சொல்லுங்கள். என் வகுப்பில் இளைஞர்களைச் சட்டென்று நிறுத்துவது இந்த ஒரு வாக்கியம்தான்.

எல்லை தாண்டிப் போவது வேண்டாம். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மரில் உள்நாட்டுப் போர், நிருபர்களைப் பிடித்துச் சிறையில் போடும் ஆட்சி. முத்திரை குத்திய பாஸ்போர்ட் இல்லாமல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாமு ஊரில் கால் வைத்தால் அவள் நிருபர் ஆக மாட்டாள், அனுமதியின்றி நுழைந்த வெளிநாட்டவள் ஆவாள். தூதரகம் கைகொடுக்கவும் வழி குறுகிவிடும். வன்னிக்கு மேரி அனுமதியில்லாமல்தானே போனார் என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும். அவர் அன்றைக்குப் பதினைந்து வருஷப் போர் அனுபவம் உள்ளவர், இவளுக்கு இது முதல் பயணம் என்று சொல்லுங்கள்.

ராணுவத்தோடு போனால் பாதுகாப்பு என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம். டேனிஷ் சித்திக்கி புலிட்சர் பரிசு வாங்கியவர், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர். ஆப்கன் சிறப்புப் படையோடுதான் போனார். 2021 ஜூலை 16-ல் ஸ்பின் போல்டக்கில் கொல்லப்பட்டார். யாருடைய வண்டியில் ஏறுகிறோமோ அவர்களுடைய எதிரி நமக்கும் எதிரி.

உங்கள் வேலை என்ன என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் என் பக்கத்து வீட்டுப் பாட்டி.

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைச் சொல்தா என்போம். இந்தோசீனாவுக்குப் போனவர்கள் உண்டு, அல்ஜீரியாவுக்குப் போனவர்கள் உண்டு. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் செத்தவர்களுக்கு நினைவுச் சின்னமே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் அண்ணன் சைகோனில் இருந்தவர். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் அவருடைய கடிதங்களை வைத்திருந்தார். ஒருநாள் எனக்குக் காட்டினார். ஒவ்வொரு உறையின் மேலும் அவருடைய அம்மா பென்சிலில் ஒரு தேதி போட்டிருந்தார், கடிதம் வந்து சேர்ந்த தேதி. எழுதிய தேதிக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாதம், சிலதில் இரண்டு மாதம். "எங்கம்மா தினமும் திண்ணையில உக்காருவாங்க தம்பி. என்னிக்குக் கடுதாசி வரும்னு யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கு மட்டும் உக்காந்திருப்பாங்க" என்றார்.

உங்களுக்கு அந்தத் திண்ணை வேண்டாம். நேரம் குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு, இரவு எட்டு. அந்த இரண்டு வேளையும் மகள் ஒரு வரி சொல்ல வேண்டும்: எங்கே இருக்கிறேன், யாரோடு, அடுத்து எங்கே. இடையில் நீங்கள் கூப்பிடவே கூடாது. ஒளிந்து நிற்கும் இடத்தில் போன் மணி அடிப்பது என்னவெல்லாம் செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, சார்ஜும் போகும். எட்டு மணி தாண்டி இரண்டு மணி நேரம் ஆனால் நீங்கள் டிரைவருக்கும் தங்குமிடத்துக்கும் பேசுவீர்கள். நான்கு மணி நேரம் ஆனால் சேனல் ஆசிரியருக்கு. ஆறு ஆனால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கும், இம்பாலில் அவளுக்குத் தெரிந்த உள்ளூர் நிருபருக்கும். இந்த எண்கள் எல்லாம் அவள் கிளம்பும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும், நோட்டில், பேனாவால் எழுதி. கலவரம் தொடங்கியபோது மணிப்பூரில் மாதக்கணக்கில் இணையம் இல்லை. வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். வெறும் குறுஞ்செய்தி, வெறும் அழைப்பு. அதுவும் இல்லாவிட்டால் எந்தக் கடைப் போன், எந்த முகாம் போன் என்பதுவரை அவள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு வாக்கியம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள், மனம்விட்டுப் பேச முடியவில்லை, சிக்கலில் இருக்கிறேன் என்பதற்கு ஒரு அடையாள வாக்கியம். என் மாணவி ஒருத்தி, "அம்மா, மல்லிச் செடிக்குத் தண்ணி ஊத்தினியா?" என்று வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் மல்லிச் செடியே கிடையாது. அதைக் கேட்டதும் அம்மா பதறாமல் "ஊத்திட்டேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆசிரியருக்குப் போன் போட வேண்டும். இரண்டு பேரும் வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகினார்கள். முதல் தடவை அம்மா அழுதாராம், நாலாவது தடவை சிரித்தாராம்.

இன்னொன்று, பிடித்து வைத்திருப்பவர்கள் பேரம் பேசினால் அவள்தான் உயிரோடு பேசுகிறாள் என்று உறுதி செய்ய ஒரு கேள்வி. ஃபேஸ்புக்கில் எங்கும் இல்லாத விடை உள்ள கேள்வியாக இருக்கட்டும். அவளுடைய அப்பா சின்ன வயதில் வைத்த பட்டப் பெயர் மாதிரி. இதை யாரிடமும், உங்கள் தம்பியிடமும்கூடச் சொல்லாதீர்கள்.

ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொள்ளாமல் அவள் ரயில் ஏறக் கூடாது. 2011-ல் லிபியாவின் மிஸ்ரட்டாவில் டிம் ஹெதரிங்டன் என்ற புகைப்படக்காரர் தொடை ரத்தக்குழாயில் சிதறல் பட்டு, ரத்தம் போயே செத்தார். அவருடைய நண்பர் அதற்குப் பிறகு தனி நிருபர்களுக்காகவே இலவச முதலுதவிப் பயிற்சி தொடங்கினார். நம் பக்கம் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை ஒன்றைப் பையின் அடியில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒற்றைக் கையால் எடுத்துக் கட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், அடிபட்டது மற்றக் கையாகவும் இருக்கலாம்.

நேரலை வேண்டவே வேண்டாம் என்று சேனலிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும். சேனல்காரர்கள் கேட்பார்கள், பார்வை எண்ணிக்கை அப்படி. ஹோம்ஸில் என்ன நடந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன். ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு போடட்டும், குடியா முழுகிப்போகும்?

காசு விஷயம். சேனல் எழுத்தில் தர வேண்டும்: இவர் எங்களுக்காகத்தான் போகிறார், போகவர, தங்க, மருத்துவச் செலவு எங்களுடையது. காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று சொன்னால் பாலிசியை வாங்கிப் படியுங்கள். பெரும்பாலான பாலிசிகளில் போர், உள்நாட்டுப் போர் போன்றவற்றுக்குக் கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். நீங்கள் ஆசிரியை, பொடி எழுத்து உங்களுக்குப் பழக்கம்தான். எழுதித் தர மாட்டேன் என்று அவர்கள் சொன்னால், உங்கள் மகளைத் தடுக்க உங்கள் கையில் இருக்கும் ஒரே நியாயமான காரணம் அதுதான். "போகாதே" என்று சொல்லாதீர்கள். "உன்னைத் திருப்பிக் கொண்டுவர யார் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டு வா, நானே ரயில் ஏத்தி விடறேன்" என்று சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு அவள் கடலூருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் திங்கள் காலை அவளை இங்கே அனுப்பி வையுங்கள், கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ். ஷூ போட்டுக்கொண்டு வரட்டும். டிரைவர் எண், தங்கும் இடம், போகும் வழி மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வர வேண்டும். சேனல் ஆசிரியரின் எண்ணும் வேண்டும். அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் போன் செய்தால் அவர் என்ன பதில் சொல்வார் என்று.